கூழைக்கடாக் குஞ்சுக்கு வந்த வலிப்பு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரையில் தொடங்கி முட்டிவலியில் முடிகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோதும் அதே கதைதான். எனக்கு அலுத்துப்போய்விட்டது. அதனால் இன்றைக்கு உங்களைப் பிடித்து உட்காரவைத்து வேறு ஒன்று சொல்லப் போகிறேன், கூழைக்கடாவைப் பற்றி. ஆமாம், பறவைதான். அலகுக்குக் கீழே பை தொங்குமே, அதேதான். சிரிக்காதீர்கள். அந்தப் பறவை இல்லையென்றால் என் தம்பி எங்கள் வீட்டில் வளர்ந்திருக்க மாட்டான்.

எழுபதுகளின் நடுவில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தபசு காலம் அது. தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. எனக்குப் பத்து வயது. அப்பா தோணி ஓட்டும் தண்டல். வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுப் பக்கம் போனாரென்றால் எப்போது திரும்புவார் என்பது காற்றுக்குத்தான் தெரியும். வீட்டில் அம்மா, நான், தவழுகிற வயதில் தம்பி. அந்த வருஷம் கூடுதலாக அம்மாவின் தம்பியும் வந்து சேர்ந்திருந்தார். மாமாவுக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. அடுத்த கப்பலுக்குக் கூப்பிடும்வரை அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஊர் சுற்றுவதுதான் அவருடைய உத்தியோகம்.

மாமாவிடம் ஒரு ஜப்பான் கேமரா இருந்தது. அதன் தோல் உறையைத் திறந்தால் வருகிற வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது, புதுச் செருப்புக்கும் கற்பூரத்துக்கும் நடுவில் ஒரு வாசம். கூடவே முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். அதைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. தொட்டேன் என்பது வேறு விஷயம்.

நம் காலத்தில் போட்டோ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் போட்டோக்காரர் வருவது பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு, கல்யாணத்துக்கு, அப்புறம் ஆளைப் பெட்டியில் வைத்த பிறகு. மூன்றிலும் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள், விறைப்பாக. மாமாவிடம் கேமரா இருக்கிறதென்று தெரிந்ததும் தெருப் பெண்கள் பவுடர் அப்பிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார்கள். மாமா ரெண்டு பேரை எடுத்துவிட்டு ஓடிவிட்டார்.

"ஆள எடுக்கதுக்கு ஆணிய எடுக்கலாம்க்கா. அதுகூடக் கொஞ்சம் வளஞ்சி நிக்கும்" என்றார்.

அவர் ஓடிய இடம் உப்பளம். பாத்திகளுக்குப் பின்னால் கழிமுகச் சேற்று மேட்டில் சின்னச் சின்ன நண்டுகள் உண்டு. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பருமனில் இருக்கும். வளை வாசலில் நின்று அந்தக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி இறக்கும். யாரையோ வா வா என்று கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். நாங்கள் பிள்ளைகள் அதை 'வாவா நண்டு' என்போம். மாமா சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு காலை முழுதும் அதைப் படம் எடுத்தார். வீட்டுக்கு வந்தபோது மூக்கு நுனி வரை சேறு.

"நம்மளக் கூப்பிடலக்கா, பொட்ட நண்டக் கூப்பிடுது. எவன் கொடுக்க ஒசக்கத் தூக்குதானோ அவனுக்குத்தான் பொண்ணு" என்றார்.

"ஒனக்கும் வயசு முப்பதாவுது. அதப் பாத்தாவது கையத் தூக்கிப் பழகுல" என்றாள் அம்மா.

அம்மா அப்போதெல்லாம் சிரிக்கவே மறந்திருந்த நேரம். அதனால் இந்த ஒரு பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொரு நாள் பழைய ஹார்பர் பக்கம் மரக்கட்டைமேல் ஒரு நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து நிற்கிறதை எடுத்து வந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் அந்தப் படத்தைப் பார்த்தாளோ இல்லையோ, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். தபசு காலத்தில் பறவைகூடச் சிலுவையில் ஆண்டவர் மாதிரி நிற்கிறதாம். மாமா பொறுமையாகச் சொன்னார், "முங்கி மீன் பிடிச்சிட்டு இறக்கயக் காயப்போடுதும்மா." அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை, படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். நாங்கள் அப்படிப்பட்டவர்கள். எதைப் பார்த்தாலும் அதில் சாமி தெரியும் எங்களுக்கு.

சரி, தம்பிக்கு வருகிறேன்.

தம்பி கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருந்தான். கேட்டது கிடைக்காவிட்டால்தான் வம்பு. வாயைத் திறப்பான், அழுகை வெளியே வராது. மூச்சு அப்படியே நின்றுவிடும். உதடு நீலம் பாரிக்கும். உடம்பு வில்லாக வளையும், கண் மேலே செருகும், அப்புறம் துணி மாதிரித் துவண்டுவிடுவான். அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கிறவர்கள், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் கூடிவிடுவார்கள். ஒருத்தர் தண்ணீரை முகத்தில் அடிப்பார், ஒருத்தர் இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், ஒருத்தர் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டுவார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து வீறிட்டு அழும். சாவிக்கொத்துக்காரர் என்னால்தான் பிழைத்தது என்பார்.

பெரிய தெரு டாக்டரிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "கோவத்துல மூச்சப் பிடிக்கான். வளர வளரச் சரியாப்போயிரும், விட்டுருங்க" என்றார். ஊசி போடவில்லை. ஊசி போடாத டாக்டரை நம்பியவர் அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

நம்பாததற்குக் காரணமும் இருந்தது. எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தங்கை பிறந்து, காய்ச்சலும் வலிப்பும் கண்டு போய்விட்டாள். போனது அம்மாவின் மடியில், பால் குடித்துக்கொண்டிருந்தபோது. அன்றிலிருந்து அம்மாவின் கை பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. வாய்விட்டுச் சொன்னவர்கள் கொஞ்சம்தான். சொல்லாமல் பிள்ளையை அம்மாவின் மடியிலிருந்து வாங்கிக்கொண்டவர்கள்தான் அதிகம். வாங்கும்போது சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

வாய்விட்டுச் சொன்னவள் அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். மணப்பாட்டில் பெரிய வீடு, கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்த புருஷன், பிள்ளை இல்லை. ஞானஸ்நானத்தின்போது தம்பிக்கு ஞானத்தாயாக நின்றவளும் அவள்தான்.

தவிட்டுக்குப் பிள்ளை வாங்குவது உங்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். முந்தின பிள்ளை தங்காத வீட்டில், அடுத்ததை வேறொருத்தி ஒரு நாழித் தவிடு கொடுத்து 'வாங்கி'க்கொள்வாள். வாசல் வரை தூக்கிப் போவாள். பிறகு, "என் பிள்ளையக் கொஞ்ச நாள் நீ வளத்துத் தா" என்று பெற்றவளிடமே கொடுத்துவிடுவாள். இது அரை மணி நேர விளையாட்டு. கோயிலில் பங்குச் சாமியார் இதை அஞ்ஞான வழக்கம் என்று திட்டுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் நாங்கள் தவிடு அளப்போம்.

அத்தை விளையாட்டுக்கு வாங்க வரவில்லை. வாங்கி மணப்பாட்டுக்கே கொண்டுபோய்விடுவது, புதுநன்மை வாங்கும் வயது வரை அங்கேயே வளர்ப்பது என்று முடிவு செய்துவிட்டாள். அப்பா தோணி ஏறுவதற்கு முன் தலையாட்டிவிட்டுப் போயிருந்தார். அவர் அக்காவிடம் ஆடாத தலை உலகத்தில் கிடையாது. பாஸ்கா திருநாளான ஈஸ்டருக்கு மறுநாள் கார் பிடித்து வருவதாகச் சொல்லியிருந்தாள் அத்தை. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இதற்கு நடுவில்தான் கோயில் வேலை ஒன்று மாமா தலையில் விழுந்தது.

எங்கள் கோயிலில் நற்கருணை அப்பம் வைக்கும் பேழையின் மரக்கதவில் ஒரு பழைய சித்திரம் செதுக்கியிருந்தது. கூழைக்கடா தன் நெஞ்சைத் தானே கொத்திக் கிழித்துக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும். ஆண்டவர் நமக்காக இரத்தம் சிந்தினார் என்பதற்கு அடையாளம். கறையான் அரித்து அதில் பறவையின் தலையும் குஞ்சுகளும் போய், சிறகும் இரத்தத் துளியும்தான் மிச்சம். பாஸ்காவுக்குள் புதுக் கதவு வேண்டும் என்றார் சாமியார். ஆசாரி வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவ்வளவு நீள அலகை வைத்துக்கொண்டு அது தன் நெஞ்சையே கொத்துவதென்றால் கழுத்து எப்படி வளையும், பார்க்காமல் உளி வைக்க முடியாது என்றார்.

சாமியார் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "நண்டு, காக்கா எல்லாம் எடுக்கிறாயாமே. இதையும் எடுத்துக்கொண்டு வா."

மாமா சந்தோஷமாகக் கிளம்பினார். ஏரல் பக்கம் குளத்தங்கரையில் ஒரு ஊர். அங்கே வீட்டுப் புழக்கடைப் புளிய மரங்களிலேயே கூழைக்கடா கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அதை ஒன்றும் செய்ய மாட்டார்கள். மாமா ஒரு முழு ரோல் பிலிமோடு போனார், சாயங்காலம் தலையெல்லாம் பறவை எச்சமாகத் திரும்பி வந்தார். மறுநாளே ஸ்டுடியோவில் கழுவி, படங்களை எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையில் பரப்பினார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு வந்திருந்த அத்தையும் அங்கே இருந்தாள்.

அழகான படங்கள்தான். ஒன்றில் தாய்ப்பறவை அலகை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றது. ஆசாரிக்கு அது போதும். இன்னொன்றில் தலையைப் பின்னால் எறிந்து, தொங்கும் பையைக் கழுத்தின்மேல் உள்ளும் புறமுமாகத் திருப்பிப் போட்டிருந்தது. ஏதோ சட்டையைக் கழற்றப் பார்க்கிற மாதிரி இருந்தது. அடுத்ததில் ஒரு குஞ்சு தாயின் வாய்க்குள் தோள் வரை தலையை விட்டிருந்தது. அதற்கடுத்ததில் குஞ்சு கீழே கிடந்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு, தன் சிறகைத் தானே கவ்விக்கொண்டு, கால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. கடைசிப் படத்தில் தலை தொங்கி, கூட்டோடு கூடாக அசைவில்லாமல்.

"என்னல இது?" என்றாள் அம்மா.

"தின்னு முடிச்சதும் வெட்டு வந்து விழுந்துட்டுக்கா. அதோட பிலிம் தீந்துட்டு. பஸ்ஸும் வந்துட்டு."

வெட்டு என்றால் எங்கள் பக்கம் வலிப்பு. அந்தச் சொல்லைக் கேட்டதும் அத்தை அந்தக் கடைசிப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்ன பழைய கதை தெரியும். கூழைக்கடாத் தாய் முதலில் தன் குஞ்சைத் தானே கொன்றுவிடும், மூன்றாம் நாள் இரத்தம் தெளித்து எழுப்பும் என்று ஒரு கதை.

"பாத்தியாளா. தாய் வாயில வாங்கித் தின்ன பெறகுதான் விழுது. சில தாய்க்கு அப்பிடி. அது ஒன் குத்தமில்ல, கையி அப்பிடி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அம்மாவின் தோளைத் தொட்டு ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு அத்தையின் கையைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தை கிளம்பிப் போன பிறகு மாமா மெதுவாக உள்ளே வந்தார். அம்மா சாளை மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ஏலே, அந்தக் குஞ்சு பெறகு என்ன ஆச்சி?"

"தெரியாதுக்கா. நாந்தான் வந்துட்டேன்ல."

"பிலிம் தீந்தா குஞ்சும் தீந்துருமால?"

அம்மா கத்தியைக் கழுவி வைத்தாள்.

"நாளைக்கு என்னயக் கூட்டிட்டுப் போ. பிலிமு வாங்கிக்க."

அம்மா அதுவரை தனக்காக எங்கேயும் போனவள் இல்லை. கோயில், மார்க்கெட், பிரசவ ஆஸ்பத்திரி, இவ்வளவுதான் அவள் பார்த்த ஊர். மறுநாள் விடியக்காலையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஏரல் பஸ்ஸில் ஏறினாள். மாமா கேமராப் பையோடு பின்னால் வந்தார். பஸ்ஸில் இருந்து இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தோம். இருபுறமும் வாழை. எங்களுக்கு உப்பும் மணலும்தான் பழக்கம். அவ்வளவு பச்சையைப் பார்த்து எனக்குக் கண் கூசியது.

ஊர் வருவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. அழுகிய மீன், எச்சம், வெயில் மூன்றும் சேர்ந்த நாற்றம். கருவாட்டு ஊரிலிருந்து வந்த நாங்களே முந்தானையால் மூக்கைப் பொத்தினோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புளிய மரங்களில் இலை தெரியவில்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. மேலே கூடு கூடாகப் பறவை. ஒரு வீட்டுக்கார அக்கா எங்களைப் புழக்கடைக்கு விட்டாள். குடை கொண்டுவரவில்லையா என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு தன் வீட்டுக் கறுப்புக் குடையையே கொடுத்தாள்.

கூடு உயரத்தில் இருந்தது. மாமா போன தடவை பக்கத்து வைக்கோல் போரில் ஏறித்தான் எடுத்திருந்தார். அம்மா அந்தப் போரை ஒரு பார்வை பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். தம்பியை மாமாவிடம் கொடுத்துவிட்டு ஏறிவிட்டாள். பிறகு கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நானும் ஏறினேன். வைக்கோல் போரின்மேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் அம்மாவை மாமா ஒரு படம் எடுத்திருக்கலாம். பறவை பறவை என்று அதை விட்டுவிட்டார். இன்றைக்கும் எனக்கு அந்தக் குறை உண்டு.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குஞ்சுகள் மூன்றும் வாயைத் திறந்து, தொண்டைத் தோலைப் படபடவென்று ஆட்டிக்கொண்டு கிடந்தன. தாய் வந்து இறங்கியதும் எல்லாம் மாறியது. பெரிய குஞ்சு சிறகை அடித்துக் கத்தியது. தாய் உடனே வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான், குஞ்சுக்கு வந்துவிட்டது. தன்னைத் தானே கூட்டில் தூக்கிப் போட்டது. தன் சிறகையே கவ்விக் குதறியது. கழுத்தை முறுக்கி, தலையைக் குச்சியில் மோதி, துடித்துத் துடித்து, கடைசியில் செத்த கோழி மாதிரிக் கிடந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா மூடவில்லை.

"கண்ணத் தொறளா. குஞ்சப் பாக்காத, தாயப் பாரு" என்றாள் என்னிடம்.

தாய் நின்றுகொண்டிருந்தது. அலகை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, சும்மா நின்றது. பக்கத்தில் குஞ்சு கிடப்பது அதற்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனாலும் தொடவில்லை, தள்ளவில்லை, கத்தவில்லை. கொஞ்ச நேரம் போனது. குஞ்சு தலையைத் தூக்கியது. தள்ளாடி எழுந்து நேராகப் போய்த் தாயின் பைக்குள் தலையை விட்டது. தாய் இப்போது வாயைத் திறந்தது. அது தின்றுவிட்டு வெளியே வந்து மறுபடியும் ஒரு ஆட்டம் போட்டு விழுந்தது. மறுபடியும் எழுந்தது. மாமா பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஏலே, கடசிப் படத்த மிச்சம் வையி. எந்திரிச்சி நிக்கத எடு" என்றாள் அம்மா.

அங்கே வைத்துத் தம்பிக்கும் வந்துவிட்டது. லென்ஸ் மூடியைக் கேட்டான், மாமா கொடுக்கவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை, உதடு நீலமானது. மாமா கேமராவை விட்டுவிட்டுப் பாய்ந்தார். அம்மா ஒரு கையால் அவரைத் தடுத்தாள். பிள்ளையை வைக்கோலில் ஒருக்களித்துக் கிடத்தினாள். கிடத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. சாவிக்கொத்து இல்லை, தண்ணீர் இல்லை, கூச்சல் இல்லை. பறவைச் சத்தம்தான். தம்பி துவண்டான், பிறகு நெஞ்சு ஒரு தூக்குத் தூக்கி மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் கூடி நிற்காததில் அவனுக்கே ஏமாற்றம் போல. ஒரு வைக்கோலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

"சொகமாத்தான் இருக்கான்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அந்த வைக்கோல் போரின்மேல் உட்கார்ந்து அழு அழு என்று அழுதாள். அது தங்கைக்காக அழுதது என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை, குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கூழைக்கடாவைப் பார்த்துப் பிள்ளை வைத்தியம் கற்றவள் உலகத்தில் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்தப் பெரிய தெரு டாக்டர் சொன்னதும் இதைத்தான். ஆனால் டாக்டர் வாயால் சொன்னார், பறவை நின்று காட்டியது.

மாமா சாமியாரிடம் போய், அது நெஞ்சைக் கொத்தவில்லை, பையை அழுத்தி மீனை மேலே கொண்டுவருகிறது, இரத்தம் ஒன்றும் இல்லை என்று விளக்கியிருக்கிறார். சாமியார் படங்களை ரொம்ப நேரம் பார்த்தாராம். "நல்லது. ஆசாரியிடம் மட்டும் சொல்லாதே" என்றாராம். பாஸ்காவுக்குப் புதுக் கதவு வந்தது, இரத்தத் துளி பழையதைவிடப் பெரிதாக இருந்தது.

திருநாளுக்கு மறுநாள், சொன்னபடியே அத்தை வந்தாள். வாசலில் வாடகைக் கார். கையில் பித்தளை நாழி நிறையத் தவிடு, ஒரு துணிப்பை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மாமா இரண்டாம் தடவை எடுத்த படங்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார். விழுந்தது, கிடந்தது, எழுந்தது, தின்றது. அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அது பறவ. இது பிள்ள. பறவைக்கு ஞானஸ்நானம் உண்டா?" என்றாள்.

நியாயமாகப் பார்த்தால் அவள் கேட்டதில் தப்பில்லை. கூடத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். மாமா படங்களைச் சேர்த்துக் கட்டிவிட்டார்.

அத்தையை நான் பல காலம் ராட்சசியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான பிறகு ஒரு தடவை மணப்பாட்டு வீட்டுக்குப் போனேன். கிணற்றின் மேல் பலகை அடித்து மூடியிருந்தது. மாடிப்படியின் கீழ் ஒரு சின்னக் கதவு. பிள்ளை விழுந்துவிடக் கூடாதென்று அந்த வருஷம் போட்டதாம், எடுக்கவே இல்லையாம். வேலைக்காரி சொன்னாள். அன்றைக்குத் துணிப்பையில் அவள் கொண்டுவந்ததும் சட்டைகள்தான், தம்பிக்கு அப்போதைய அளவிலிருந்து வரிசையாகப் பெரிதாகிக்கொண்டே போகிற சட்டைகள். அதை அம்மா அன்றே பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து அத்தைக்கு முன்னால் பாயில் உட்காரவைத்தாள்.

"மைனி, ஒரே ஒரு தடவ. அவன் அழுது மயங்கட்டும். நீங்க தொடாமப் பாருங்க. தானா எந்திரிக்கலன்னா நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் வாசலுக்குக்கூட வர மாட்டேன்" என்றாள்.

அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மா அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. கடைசியில், "சரி" என்றாள்.

தம்பி பளபளப்பைக் கண்டு தவிட்டு நாழியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான். அம்மா அதைப் பிடுங்கித் தள்ளி வைத்தாள்.

வாய் திறந்தது. சத்தம் இல்லை. முகம் சிவந்து, கறுத்து, நீலமானது. உடம்பு வளைந்தது. பெண்கள் எழுந்துவிட்டார்கள், யாரோ சாவிக்கொத்தை எடுத்தார்கள். அம்மா இரண்டு கையையும் விரித்துப் பாயைச் சுற்றி மறித்துக்கொண்டாள். "யாரும் தொடாதிய" என்றாள். தம்பி துவண்டு சரிந்தான். அத்தை, "சேசுவே, சேசுவே" என்றாள். அவள் கை பிள்ளைமேல் போய்ப் போய் வந்தது. ஒரு கட்டத்தில் அவள் இரண்டு கையையும் தன் முழங்காலுக்குக் கீழே திணித்துக்கொண்டாள், ஆனாலும் முடியவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வந்தது. தம்பி கண்ணைத் திறந்தான், ஒரு அழுகை அழுதான், புரண்டு தவழ்ந்தான். நேராக நாழிக்குப் போனான். அதைக் கவிழ்த்துத் தவிட்டைத் தரையெல்லாம் இறைத்தான். அத்தை அப்போதுதான் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

அத்தை எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒன்னால பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுது. என்னால முடியலயே. இவன் அங்கன வந்து விழுந்தா நாந்தான் செத்துப்போவேன். நீயே வச்சிக்களா" என்றாள்.

துணிப்பையைப் பாயில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். அம்மா தம்பியை இடுப்பில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள், நானும் போனேன். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு, டிரைவர் கதவைச் சாத்தப் போன நேரத்தில், அத்தை கையை நீட்டி அதைத் தடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், தம்பியின் காலைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்.

"கண்ணு முழிச்சதும் மொதல்ல அவன் என்னயத்தான பாத்தான்?"

அவன் யாரையும் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியும், கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"ஆமா மைனி, ஒங்களத்தான்" என்றாள் அம்மா.